திறந்த அவையில் கட்டிய நாக்கு
சிலாங்கூர் சட்டமன்ற உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

மாண்புமிகு உறுப்பினர்களே,

ஷா ஆலமில் நீங்கள் 56 பேரும் கூடும் அவைக்கு ஒரு பழைய கணக்கு பாக்கி இருக்கிறது. 1969 மே 10ஆம் தேதி நடந்த பொதுத் தேர்தலில், சிலாங்கூர் சட்டமன்றத்தின் 28 இடங்களில் கூட்டணிக் கட்சிக்கு 14 கிடைத்தன. மீதி 14இல் ஜனநாயக செயல் கட்சி (ஜசெக) 9, கெராக்கான் 4, சுயேச்சை ஒன்று. சரிபாதி. யார் ஆட்சி அமைப்பது என்ற கேள்விக்கு அவையைக் கூட்டித் தலைகளை எண்ணி விடை கண்டிருக்கலாம். அவை என்று ஒன்று இருப்பதே அதற்காகத்தான். ஆனால் அவை கூடும் முன் தெரு கூடிவிட்டது. எதிர்க்கட்சிகள் வெற்றி ஊர்வலம் போயின. அதற்குப் பதில் ஊர்வலம் நடத்த, கம்போங் பாருவில் மந்திரி பெசார் ஹருன் இட்ரிஸின் இல்லத்தின் முன் கூட்டம் திரண்டது. மே 13 மாலை அங்கிருந்துதான் இனக் கலவரம் தொடங்கியது. தேசிய நடவடிக்கை மன்றம் அந்த அக்டோபரில் வெளியிட்ட அறிக்கையில் இறந்தோர் பட்டியல் இருக்கிறது: சீனர் 143, மலாய்க்காரர் 25, இந்தியர் 13, பிறர் 15. மொத்தம் 196. உண்மையான எண்ணிக்கை இதைவிடக் கூடுதல் என்று அன்று முதல் இன்றுவரை சொல்பவர்கள் உண்டு. அந்தப் பட்டியலில் இனம் இருக்கிறது, எண் இருக்கிறது; பெயர் இல்லை. அந்த 13 இந்தியர்கள் யார், எந்தத் தெருவில் விழுந்தார்கள் என்று இந்த மாநிலத்தின் சட்டமன்றம் ஒரு நாளும் உட்கார்ந்து விசாரித்ததில்லை.

ஹருன் இட்ரிஸ் 1976 வரை மந்திரி பெசாராகத் தொடர்ந்தார். கோலாலம்பூர் 1974 பிப்ரவரி 1ஆம் தேதி சிலாங்கூரிலிருந்து பிரிக்கப்பட்டுக் கூட்டரசுப் பிரதேசமாயிற்று. ரப்பரும் செம்பனையும் நின்ற சுங்கை ரெங்கம் தோட்ட நிலத்தில் எழுந்த ஷா ஆலம், 1978இல் மாநிலத் தலைநகரானது. ஆக, உங்கள் அவை இடம் மாறி, வாக்காளர் மாறி, புதுக் கட்டடத்தில் குடியேறியது. பழைய வீட்டில் நடந்த சாவுக்குப் புது வீட்டில் துக்கம் கேட்க முடியாதா என்பதே இந்த மடலின் கேள்வி. இனச் சண்டை நடந்த நாட்டில் அமைதியைக் கட்டுவது போலீசும் பொருளாதாரத் திட்டமும் மட்டுமே என்று நாம் ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக நம்பி வந்திருக்கிறோம். சட்டமன்றம், நாடாளுமன்றம் ஆகியவற்றை அந்த வேலைக்கு நாம் அழைத்ததே இல்லை. அழைக்காதது மட்டுமா, அவற்றைச் சண்டைக்குக் காரணமென்றே பார்த்துப் பழகிவிட்டோம். அது பிழை என்று வாதிடவே எழுதுகிறேன்.

முதலில், அவை பூட்டிக் கிடந்த காலம். 1969 மே 15இல் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. துன் அப்துல் ரசாக் தலைமையில் தேசிய நடவடிக்கை மன்றம், நம் வழக்கில் மாகெரான், ஆட்சியை ஏற்றது. புதிதாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட நாடாளுமன்றம் 1971 பிப்ரவரி 20 வரை, 21 மாதம், கூடவே இல்லை. பண்டார் மலாக்காவில் வென்ற லிம் கிட் சியாங், அவையில் ஒரு வார்த்தை பேசும் முன்பே உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தில் கைதாகி 1970 அக்டோபர் வரை உள்ளே இருந்தார். மாகெரானில் துன் சம்பந்தன் இருந்தாரே என்று நம்மவர்கள் சொல்வதுண்டு. இருந்தார், ஆனால் மூடிய அறையில் ஒருவர் இருப்பதும் திறந்த அவையில் ஒருவர் கேள்வி கேட்பதும் வேறு வேறு. அந்த 21 மாதத்துக்குள் தமிழர்களுக்கு நேர்ந்த ஒன்றைச் சொன்னால் வித்தியாசம் புரியும். குடியுரிமை இல்லாதவர் வேலை செய்ய அனுமதிச் சீட்டு பெற வேண்டும் என்ற சட்டம் 1968இல் வந்தது. அது கண்டிப்பாக அமலானது 1969 கலவரத்துக்குப் பிறகு. சிவப்பு அடையாள அட்டையோடு தோட்டங்களில் தலைமுறையாகப் பால் மரம் வெட்டியவர்களில் சுமார் 60,000 பேர் அந்நாட்களில் கப்பலேறித் தமிழ்நாட்டுக்குத் திரும்பினார்கள் என்பது வரலாற்று நூல்கள் தரும் கணக்கு. ஒரு சிறுநகரத்து மக்கள்தொகை அது. இத்தனை பேர் ஏன் போகிறார்கள், மனு எங்கே தேங்கியது, அவர்களுடைய சேமநிதி என்னாயிற்று என்று கேட்க ஒரு நாற்காலிகூட அன்று திறந்திருக்கவில்லை. யாரும் அடித்து விரட்டவில்லை என்பதால் அது கலவரக் கணக்கில் சேரவில்லை. பூட்டிய அவையின் விலை என்ன என்று கேட்போருக்கு நான் காட்டும் முதல் ரசீது இதுதான்.

அவை திறந்தபோது நாக்கு கட்டப்பட்டிருந்தது. 1971 மார்ச் 3ஆம் தேதி அரசியலமைப்புத் திருத்த மசோதா 125க்கு 17 என்ற வாக்கில் நிறைவேறியது. ஜசெகவும் மக்கள் முற்போக்குக் கட்சியும்தான் எதிர்த்தன. குடியுரிமை, தேசியமொழி, மலாய்க்காரர்களின் சிறப்பு நிலை, ஆட்சியாளர்களின் இறைமை ஆகிய நான்கையும் கேள்வி கேட்பது குற்றமாக்கப்படலாம் என்றாயிற்று. தெருவில் பேசுவதைத் தடுத்தால் அதில் ஒரு நியாயம் உண்டு. விந்தை என்னவென்றால், தடை அவைக்குள்ளும் வந்தது. அவையில் பேசியதற்காக எந்த நீதிமன்றமும் உறுப்பினரைக் கேட்க முடியாது என்பது நாடாளுமன்றத்தின் உயிர்நாடி. 63ஆம் விதியில் நான்காவது உட்பிரிவாக ஒன்றைச் செருகி, தேச நிந்தனைக்கு மட்டும் அந்தப் பாதுகாப்பு இல்லை என்றார்கள். உங்களைப் போன்ற மாநில உறுப்பினர்களுக்கு 72ஆம் விதியில் அதே கட்டு. சண்டையைத் தெருவிலிருந்து எடுத்து நாலு சுவருக்குள் வைத்துப் பேசத்தான் மன்றம்; அந்த நாலு சுவருக்குள்ளும் பேசக்கூடாது என்றால் சண்டை எங்கே போகும்? நீறு பூத்துக் கிடக்கும்.

இதே போன்ற நிலையில் இன்னொரு நாடாளுமன்றம் என்ன செய்தது என்று நம் உறவுகள் வாழும் இலங்கையைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். 1983 ஜூலையில் கொழும்பு எரிந்தது. ஆகஸ்ட் தொடக்கத்திலேயே அந்நாட்டு நாடாளுமன்றம் ஆறாவது திருத்தத்தை நிறைவேற்றி, தனிநாட்டை ஆதரிக்க மாட்டோம் என்று ஒவ்வோர் உறுப்பினரும் சத்தியம் செய்ய வேண்டும் என்றது. தமிழர் விடுதலைக் கூட்டணியினர் சத்தியம் செய்ய மறுத்தார்கள், இருக்கைகளை இழந்தார்கள். எதிர்க்கட்சித் தலைவராக இருந்த அமிர்தலிங்கத்தின் நாற்காலியும் அதில் போயிற்று. அடிபட்ட மக்களின் பிரதிநிதிகளை, அடி விழுந்த அடுத்த மாதமே வெளியே தள்ளச் சட்டம் இயற்றிய மன்றம் அது. பிறகு நடந்த 26 ஆண்டுப் போருக்கு அது ஒன்றே காரணம் என்று சொல்லமாட்டேன். ஆனால் துப்பாக்கிக்கு மாற்றாக இருந்த ஒரே மேடையை மன்றமே கலைத்தது என்பதை மறுக்க முடியாது. கோலாலம்பூர் அவ்வளவு தூரம் போகவில்லை. நாக்கைக் கட்டியது, ஆளை வெளியேற்றவில்லை. மலேசியா மலேசியாவாகவும் இலங்கை இலங்கையாகவும் ஆனதற்கு இந்த வேறுபாட்டுக்கும் பங்குண்டு என்பது என் கணிப்பு. அந்த நன்றியோடுதான் எஞ்சிய கட்டை அவிழ்க்கச் சொல்கிறேன்.

கட்டு எவ்வளவு பழகிப்போயிற்று என்பதற்கு அவசரகாலக் கட்டளையின் கதை போதும். 1969இல் நாடாளுமன்றம் மூடியிருந்தபோது பிறந்தது, பொது ஒழுங்கு மற்றும் குற்றத் தடுப்பு அவசரகாலக் கட்டளை. 60 நாள் போலீஸ் காவல்; பிறகு அமைச்சர் கையெழுத்திட்ட ஒரு தாளில் இரண்டாண்டுத் தடுப்புக்காவல்; முடிந்ததும் இன்னொரு தாள். வழக்கு கிடையாது, சாட்சி கிடையாது. ஜொகூரின் சிம்பாங் ரெங்கம் முகாமுக்குப் பிள்ளையைப் பார்க்கப் பேருந்து ஏறிய தாய்மார்களில் தமிழ்த் தாய்மார்கள் எத்தனை பேர் என்று கிள்ளானிலும் செந்தூலிலும் கேட்டால் தெரியும். நாடாளுமன்றம் 1971இலேயே திறந்துவிட்டது. நினைத்தால் மறுநாளே இந்தக் கட்டளையை நீக்கியிருக்கலாம். நீக்க 2011 நவம்பர் ஆயிற்று. நடுவே ஒரு கூத்தும் நடந்தது. தே செங் போ வழக்கில் பிரிவி கவுன்சில், நாடாளுமன்றம் கூடிய நாளோடு அவசரகால விதிகளை இயற்றும் நிர்வாகத்தின் அதிகாரம் முடிந்துவிட்டது என்று தீர்ப்பளித்தது. அதாவது, உங்கள் சாவி உங்களிடமே இருக்கிறது என்று ஒரு நீதிமன்றம் எடுத்துச் சொன்னது. நாடாளுமன்றம் என்ன செய்தது? 1979இல் ஒரு சட்டம் இயற்றி, முன்தேதியிட்டு, சாவியை நிர்வாகத்திடமே திருப்பிக் கொடுத்தது! 2011 ஜூலையில் சுங்கை சிப்புட் நாடாளுமன்ற உறுப்பினர் டாக்டர் மைக்கல் ஜெயக்குமார் தேவராஜும் அவருடைய கட்சித் தோழர்கள் ஐவரும் இதே கட்டளையில் ஏறக்குறைய நான்கு வாரம் அடைபட்டுக் கிடந்தார்கள். நாடாளுமன்றம் இயற்றாத ஒரு கட்டளை நாடாளுமன்ற உறுப்பினரையே விழுங்கிய பிறகுதான் அந்த ஆண்டு செப்டம்பரில் பிரதமர் நஜிப் அதற்கு முடிவு அறிவித்தார். 2013இல் குற்றத் தடுப்புச் சட்டத்தைத் திருத்தி, விசாரணையற்ற தடுப்புக்காவலைப் பின்வாசல் வழியாக மீண்டும் அழைத்து வந்ததும் நாடாளுமன்றம்தான் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இங்கே ஒரு மறுப்பு எழும், அது வலுவான மறுப்பு. பேசாமல் இருந்ததால்தானே 1969க்குப் பிறகு அப்படியொன்று நடக்கவில்லை? அமைதியைத் தந்தது புதிய பொருளாதாரக் கொள்கை. மன்றப் பேச்சு அன்று. 1970இல் தீபகற்பத்தில் சரிபாதிக் குடும்பங்கள் வறுமையில் இருந்தன, அதைக் குறைத்தார்கள், ரத்தம் அடங்கியது. இதில் பாதிக்கு மேல் உண்மை. வயிறு நிறைந்தவன் கத்தி எடுக்கத் தயங்குவான். ஆனால் அந்தக் கொள்கையின் கண்ணில் படாதவர்களும் இருந்தார்கள். தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீடமைப்புத் திட்டங்களான காலத்தில் லயத்தை விட்டு வெளியேறிய தமிழர்கள், பெட்டாலிங் ஜெயாவின் தெற்கே பழைய கிள்ளான் சாலையை ஒட்டிய புறம்போக்குக் குடியிருப்புகளில் ஒதுங்கினார்கள். அவர்களுக்குப் பக்கத்திலேயே, அவர்களைப் போலவே ஏழைகளான மலாய்க் குடும்பங்கள். 2001 மார்ச்சில் அங்கே கம்போங் மேடானில் மூண்ட இனமோதலில் ஆறு உயிர்கள் போயின. அவர்களில் பெரும்பாலோர் இந்தியர்கள். பல நாள் அரிவாள் வெட்டு, நாற்பதுக்கும் மேற்பட்டோர் காயம், நூற்றுக்கணக்கான கைது. அரச விசாரணை ஆணையம் அமையவில்லை. மனித உரிமை ஆணையமான சுஹாகாமும் பொது விசாரணை நடத்தவில்லை. அந்தச் சம்பவங்களைப் பற்றிய ‘மார்ச் 8’ என்ற நூலை 2006இல் அரசு தடை செய்தது. அந்தத் தெருக்கள் அன்றும் இன்றும் உங்கள் மாநிலத் தொகுதிகளில்தான் இருக்கின்றன. மௌனம் அமைதியைக் காத்தது என்று சொல்பவர்கள் கம்போங் மேடானை எந்தக் கணக்கில் எழுதுவார்கள்?

அடுத்த எட்டாம் ஆண்டு, சண்டை உங்கள் வாசலுக்கே வந்தது. ஷா ஆலம் 19ஆம் பிரிவில் இருந்த மாரியம்மன் கோயிலை 23ஆம் பிரிவுக்கு மாற்றுவதை எதிர்த்து, 2009 ஆகஸ்ட் 28 வெள்ளிக்கிழமை, தொழுகை முடிந்து ஒரு சிறு கூட்டம் மாநிலச் செயலகம் வரை நடந்தது. கையில் வெட்டிய மாட்டுத் தலை. ஐம்பது பேர்தான் இருக்கும், ஆனால் படம் நாடு முழுக்கப் போயிற்று. ஒரு வாரம் கழித்து மந்திரி பெசார் காலிட் இப்ராகிம் குடியிருப்பாளர்களை மண்டபத்துக்கு அழைத்துப் பேசப் பார்த்தார். கூச்சலில் கூட்டம் கலைந்தது. பிறகு பன்னிரண்டு பேர்மீது வழக்கு. அந்தக் கோபத்தைக் கூர்ந்து பார்த்தால் அதில் மதம் பாதி, மனை பாதி. வீடு வாங்கும்போது இல்லாத கோயில் ஏன் இப்போது வருகிறது, போக்குவரத்து என்ன ஆகும், யாரைக் கேட்டு முடிவு செய்தீர்கள் என்பவை குடியிருப்பாளர் கேட்ட கேள்விகள். எங்கள் அம்மனை எத்தனை முறைதான் இடம் மாற்றுவீர்கள் என்பது பக்தர்களின் கேள்வி. இரண்டுமே பதில் சொல்லத்தக்கவை. இரண்டுக்கும் பதில் சொல்ல ஊர் மட்டத்தில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஓர் அவை இல்லை. ஒரு சிறு நினைவூட்டல்: ஊராட்சி மன்றத் தேர்தல் 1965இல் நிறுத்தப்பட்டபோது, அதை ஆராய அமைந்த அரச ஆணையத்துக்குத் தலைமை தாங்கியவர் செனட்டர் ஆதி நாகப்பன். தேர்தல் தொடர வேண்டும் என்று 1968 இறுதியில் அவருடைய குழு அறிக்கை தந்தது. அரசு அதை ஏற்கவில்லை. ஷா ஆலம் மாநகர் மன்றத்தில் இன்றும் ஒரு தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர் இல்லை. கீழே கதவில்லாத வீட்டில் எல்லாரும் மாடிக்கதவைத்தான் இடிப்பார்கள்.

2018 நவம்பரில் சுபாங் ஜெயாவின் சீபீல்ட் மகா மாரியம்மன் ஆலயத்தில் அதுவே இன்னும் கோரமாக நடந்தது. நிலம் யாருடையது என்ற பழைய வழக்கு, நள்ளிரவில் நுழைந்த கும்பல், எரிந்த கார்கள், கடைசியில் கடமைக்கு வந்த தீயணைப்பு வீரர் முகமட் அடிப்பின் உயிர். அவருடைய மரண விசாரணை ஷா ஆலம் நீதிமன்றத்தில் நடந்தது. அடையாளம் தெரியாத சிலரின் செயலால் மரணம் என்று 2019 செப்டம்பரில் தீர்ப்பு வந்தது. ஒரு மனிதர் எப்படி இறந்தார் என்று நீதிமன்றம் கேட்டது, அது அதன் வேலை. நூறாண்டு தாண்டிய ஒரு தோட்டக் கோயிலின் நிலம் எப்படிக் கைமாறியது, மாநில நில அலுவலகம் எப்போது எதைச் செய்யத் தவறியது, அடுத்த சீபீல்ட் எங்கே காத்திருக்கிறது என்று கேட்பது சட்டமன்றத்தின் வேலை. 2025 மார்ச்சில் கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியா சாலையின் தேவி ஸ்ரீ பத்ரகாளியம்மன் கோயில் இடமாற்ற விவகாரத்தில் நாடே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்ததே, அங்கும் முடிச்சு அதே நிலப்பட்டா முடிச்சுதான்.

‘இவை கூட்டரசு விவகாரங்கள், போலீஸ் எங்கள் கையில் இல்லை’ என்று உங்களில் சிலர் சொல்வீர்கள். போலீஸ் இல்லைதான். நிலம் யார் கையில்? கூட்டரசு அரசியலமைப்பின் ஒன்பதாவது அட்டவணையில் நிலமும் ஊராட்சியும் மாநிலப் பட்டியலில் இருக்கின்றன. சிலாங்கூரில் ஒரு கோயிலுக்கு, ஒரு தேவாலயத்துக்கு, ஒரு சுராவுக்கு மனை கிடைப்பதும் கிடைக்காததும் ஷா ஆலமில் தீர்மானமாகிறது, புத்ராஜெயாவில் அன்று.

தேச நிந்தனைச் சட்டம் நம்மையும் காக்கிறதே, அதை ஏன் தொடுகிறாய் என்ற கேள்வி தமிழர்களிடமிருந்தே வரும். அதற்கு ஆதாரமும் உண்டு. 1978 அக்டோபரில் சபா உறுப்பினர் மார்க் கோடிங், சீனப் பள்ளிகளையும் தமிழ்ப்பள்ளிகளையும் மூட வேண்டும் என்று மக்களவையில் பேசினார். அவையில் பேசியதற்காகவே அவர்மீது தேச நிந்தனை வழக்குத் தொடுக்கப்பட்டு, 1982இல் குற்றவாளி என்று தீர்ப்பாயிற்று. நம் பள்ளியைக் காத்த சட்டம்தானே என்று மகிழலாம். நான் மகிழ மறுக்கிறேன். ஏனென்றால் அந்தத் தீர்ப்பு மார்க் கோடிங்கின் வாயை அடைத்தது. அந்த எண்ணத்தைத் தோற்கடிக்கவில்லை. தமிழ்ப்பள்ளியை மூடச் சொல்லும் குரல் ஒவ்வொரு தேர்தலுக்கும் புது வாயில் வருகிறது. அதை அவையில் எழுந்து, எண்ணிக்கையோடும் வரலாற்றோடும் பதில் சொல்லித் தோற்கடிக்கும் பழக்கம்தான் நமக்கு வளரவில்லை. அவை உறுப்பினர் செய்ய வேண்டியதைப் போலீசிடம் விட்டுவிட்டோம்.

இன்னொன்றும் பலர் கவனிப்பதில்லை. 1971 திருத்தம் அந்த நான்கு பொருளைக் கேள்வி கேட்பதைத்தான் தடுக்க அனுமதிக்கிறது. அவை எப்படிச் செயல்படுத்தப்படுகின்றன என்று கேட்பதற்கு அதே திருத்தம் இடம் விட்டிருக்கிறது. அது சின்ன ஓட்டை இல்லை, ஒரு முழுக்கதவு. ஒதுக்கீடு யாருக்குப் போய்ச் சேர்ந்தது, யார் விடுபட்டார், கோயில் நில மனு எத்தனை ஆண்டாகக் கோப்பில் உறங்குகிறது, குடியுரிமை கேட்ட பாட்டிக்கு ஏன் பதில் வரவில்லை என்று கேட்க எந்தச் சட்டமும் தடையில்லை. ஆக, நாக்கில் கட்டிய கயிறு பாதி தூரம்தான் வருகிறது. மீதிப் பாதியை நாமே கட்டிக்கொண்டோம்.

மன்றத்தில் பேச விட்டால் அரசியல்வாதிகள் எண்ணெய் ஊற்றுவார்கள் என்பது கடைசியும் நேர்மையுமான ஐயம். அவைக் காட்சிகளைக் கைப்பேசியில் பார்ப்பவர்கள் இதை எளிதில் தள்ளிவிட முடியாது. ஆனால் எண்ணெய் ஊற்றுவது பெரும்பாலும் பேரவையில், கேமரா முன்னால். தெரிவுக் குழு அறையில் நிலைமை வேறு. அங்கே எதிரே இருப்பது எதிர்க்கட்சியின் முகமன்று. கோப்பைக் கையில் வைத்துக்கொண்டு வியர்க்கும் ஓர் அதிகாரியின் முகம், அல்லது மகனை இழந்த ஒருவரின் முகம். அங்கே வீரவசனம் எடுபடாது. இதை நான் உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. 2008க்குப் பிறகு உங்கள் அவைதான் செல்காட் என்ற தெரிவுக் குழுவை அமைத்து, சபாநாயகர் தெங் சாங் கிம் தலைமையில் பகிரங்க விசாரணைகள் நடத்தியது. உறுப்பினர்களின் மனைவியர் நலச் சங்கத்தின் நிதி, தேர்தலுக்குச் சற்று முன் செலவழிந்த தொகுதி ஒதுக்கீடு என்று அதிகாரிகளை அழைத்து, பத்திரிகையாளர் முன்னிலையில் கேள்வி கேட்டீர்கள். நாட்டிலேயே முதல் மாநிலமாக 2011இல் தகவல் சுதந்திரச் சட்டம் இயற்றியதும் சிலாங்கூர்தான். பணத்தைப் பற்றிக் கேட்கத் தெரிந்த அவைக்கு ரத்தத்தைப் பற்றிக் கேட்கத் தெரியாதா? தனி உறுப்பினரின் வாக்கு ஒன்றும் செய்யாது என்று சலிப்பவர்களுக்கு, 2022 மார்ச் 23ஐ நினைவுபடுத்துகிறேன். பாதுகாப்புக் குற்றங்களுக்கான சொஸ்மா சட்டத்தின் 28 நாள் காவலை நீட்டிக்கும் தீர்மானம் மக்களவையில் 84க்கு 86 என்று தோற்றது. இரண்டே வாக்கு. நான்கு மாதத்தில் அரசு அதை மீண்டும் கொண்டுவந்து வென்றது என்பது உண்மையே. ஆனாலும் அதற்கு அரசு உறுப்பினர்களிடம் விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது. 2019 அக்டோபரில் இரு சட்டமன்ற உறுப்பினர்கள் உட்பட 12 தமிழர்கள் அதே சொஸ்மாவில் பிடிபட்டு, நான்கு மாதத்துக்குப் பிறகு வழக்கே கைவிடப்பட்டதை நினைத்தால், அந்த இரண்டு வாக்கின் எடை தெரியும்.

பழைய புண்ணைக் கிளறாதே என்பார்கள். ஆறிய புண்ணாக இருந்தால் கிளற வேண்டாம். தென்னாப்பிரிக்காவில் புண் ஆறிவிட்டதாக யாரும் பாசாங்கு செய்யவில்லை. உண்மை ஆணையத்தை அமைத்தது அதிபரின் கட்டளை அன்று, 1995இல் நாடாளுமன்றம் விவாதித்து இயற்றிய சட்டம். 21,000க்கும் மேற்பட்டோர் வாக்குமூலம் தந்தார்கள். அந்நாட்டில் ஏழ்மை ஒழியவில்லை, குற்றவாளிகள் பலர் தப்பினார்கள். ஆனாலும் நடந்தது நடக்கவில்லை என்று இன்று யாரும் அங்கே சொல்ல முடியாது. இந்தியாவில் 1984 சீக்கியர் படுகொலைக்கு 21 ஆண்டு கழித்து, நானாவதி ஆணைய அறிக்கை நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட பிறகு, 2005 ஆகஸ்ட் 11ஆம் தேதி மாநிலங்களவையில் எழுந்து பிரதமர் மன்மோகன் சிங் மன்னிப்புக் கேட்டார். நீதி வந்துவிட்டதா என்றால் இல்லை. ஆனால் கேட்ட இடம் முக்கியம்: கட்சிக் கூட்டமில்லை, தொலைக்காட்சிப் பேட்டியில்லை, ஒவ்வொரு சொல்லும் அவைக்குறிப்பில் ஏறும் இடம். மே 13ஐப் பற்றி நமக்கு அப்படி ஒரு பக்கம்கூட இல்லை. 2007இல் குவா கியா சூங் எழுதிய நூலுக்கு மூல ஆவணங்கள் லண்டன் ஆவணக் காப்பகத்தில் கிடைத்தன. கம்போங் பாருவில் நடந்ததைத் தெரிந்துகொள்ள லண்டனுக்குப் போக வேண்டியிருந்தது.

ஆகவே, உங்களிடம் நான் கேட்பது இது. அடுத்த கூட்டத்தொடரில் சமூக நல்லிணக்கத்துக்கென நிரந்தரத் தெரிவுக் குழு ஒன்றை அமையுங்கள். ஆளுங்கட்சியும் எதிர்க்கட்சியும் அதில் சமமாக இருக்கட்டும், தலைமை எதிர்க்கட்சிக்கே போனாலும் தவறில்லை. 2023 தேர்தலில் நீங்கள் 34க்கு 22 என்று பிரிந்தீர்கள். அந்தப் பிரிவு பெரும்பாலும் இனத்தின் வழியாகவே விழுந்திருக்கிறது. அதனால்தான் குழு அவசரம். முதல் வேலையாக, மாநிலம் முழுக்க பட்டா இல்லாமல் நிற்கும் வழிபாட்டுத் தலங்களின் கணக்கை எடுத்து, ஒவ்வொன்றும் எந்தத் தோட்டத்தின் எச்சம், இப்போது நிலம் யார் பெயரில் என்று அவையில் வையுங்கள். தலங்களின் நிர்வாகத்தினரையும் பக்கத்து வீட்டுக்காரர்களையும் ஒரே மேசையில் கேளுங்கள். இரண்டாவது வேலையாக, 1969, 2001, 2009, 2018 ஆகிய நான்கையும் குறித்து வாக்குமூலம் எடுங்கள். தமிழிலும் சீனத்திலும் பேச விரும்புவோருக்கு மொழிபெயர்ப்பாளர் இருக்கட்டும். யாரையும் தண்டிக்கும் அதிகாரம் உங்களுக்கு இல்லை, வேண்டவும் வேண்டாம். பெயர், வயது, இடம், நேரம். இவ்வளவும் அவைக்குறிப்பில் ஏறினால் போதும். 1969இல் பத்து வயதில் பார்த்தவருக்கு இன்று அறுபத்தைந்துக்கு மேல். இன்னும் பத்தாண்டு தள்ளிப் போட்டால் சாட்சி சொல்ல ஆளிருக்காது.

இதற்குக் கூட்டரசின் அனுமதி வேண்டாம், அரசியலமைப்புத் திருத்தம் வேண்டாம், மூன்றில் இரண்டு பங்கும் வேண்டாம். ஓர் உறுப்பினர் தீர்மானம் கொண்டுவர வேண்டும், இன்னொருவர் வழிமொழிய வேண்டும். அந்த இருவரும் இரண்டு பக்கத்து இருக்கைகளிலிருந்து வந்தால் இன்னும் நல்லது.

மே 13இல் இறந்தவர்களில் நூறு பேர் அளவில் சுங்கை பூலோவில், மருத்துவமனைக்கு அருகே புதைக்கப்பட்டிருக்கிறார்கள். அந்த நிலம் உங்கள் மாநிலத்தில் இருக்கிறது. ஷா ஆலமிலிருந்து அரை மணி நேரப் பயணம். கூட்டத்தொடர் தொடங்கும் முன் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாக்காளர்களில் ஒருவர்
ஷா ஆலம்